மிஸ்ஸியைக் கேளுங்கள்: ஒரு நாளைக்கு ஒன்பது குத்து

(31 வருடம் பினாங்கு அரசாங்க கிளினிக்குகளில் தாதியாக, அதாவது மிஸ்ஸியாக, வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் இனிப்பு நீர் (நீரிழிவு) அறையில். இப்போது பென்ஷன். வாசகர் கடிதங்களுக்கு ஒரு மிஸ்ஸியாகப் பதில் சொல்கிறேன். உங்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டருக்கு இது ஈடாகாது.)

கேள்வி: வணக்கம் மிஸ்ஸி. எனக்கு 43 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. போன மாதம் எங்கள் கம்பெனியில் இலவச இரத்தப் பரிசோதனை வைத்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு நேராகப் போய்க் கொடுத்தேன். மூன்று மணிக்கு கேன்டீனில் ஒரு திரீ-இன்-ஒன் கோப்பி குடித்ததைத் தவிர வேறு எதுவும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் சுகர் 6.3, ஏ1சி 5.9 என்று வந்து இரண்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி. ஹீமோகுளோபின் 10.4க்கும் ஒரு குறி இருந்தது, அது எனக்கு எப்போதும் குறைவுதான். அன்றைக்கே ஃபார்மசியில் விரலில் குத்திச் சுகர் பார்க்கும் மெஷின் வாங்கிவிட்டேன். என் அப்பா இனிப்பு நீரில்தான் போனார். கால் விரலில் புண் வந்த பிறகுதான் டாக்டரிடமே போனார். கடைசி ஆறு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், நான்தான் கூட்டிப் போவேன்.

ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை குத்துகிறேன். 50 ஸ்டிரிப் ஒரு வாரத்துக்குக் காணவில்லை. சோறு சாப்பிட்டு அரை மணியில் 9.2 வந்தது, அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. இன்னொரு நாள் 4.6; கை நடுங்கி வியர்த்துவிட்டது, சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். சோற்றை விட்டுவிட்டேன். நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. எப்போதும் களைப்பு, படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. இணையத்தில் ஒரு இடத்தில் 5.6 தாண்டினாலே ஆபத்து என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 6.1 என்கிறார்கள். சென்னையில் இருக்கும் அத்தையிடம் சொன்னால், “ஆறா? ஆறு இருந்தா ஆள் உயிரோடவே இருக்க முடியாதே” என்றார். பிறகு மகனை விட்டுக் கணக்குப் போட்டு “உனக்கு 113” என்றார். நூற்றுப் பதின்மூன்று என்று கேட்டதும் எனக்குக் காலே ஓடவில்லை. கணவர் மெஷினை ஒளித்து வைத்து, வீட்டில் சண்டை. எனக்கு வந்திருப்பது இனிப்பு நீரா, பைத்தியமா?
— வாசகி, ஜெலுத்தோங்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் பைத்தியம் எங்கேயும் இல்லை. இனிப்பு நீரும் இதுவரை இல்லை. ஆனால் நீங்கள் தாண்டிப் போன இரண்டு வரிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் நான் முதலில் பிடித்தேன்.

ஒன்று, அந்த மூன்று மணிக் கோப்பி. வெறும் வயிற்றுச் சோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. திரீ-இன்-ஒன்னில் கோப்பித்தூளை விடச் சீனிதான் அதிகம். நீங்கள் குடித்த நேரத்துக்கும் இரத்தம் எடுத்த நேரத்துக்கும் நடுவில் நாலரை மணி நேரம்தான். போதாததற்கு ராத்திரி முழுக்கக் கண் விழித்த உடம்பு. தூக்கம் கெட்டாலே சுகர் கொஞ்சம் ஏறி நிற்கும். அதனால் அந்த 6.3ஐ வெறும் வயிற்றுக் கணக்கில் நான் எழுத மாட்டேன்.

இரண்டாவது வரி, “அது எனக்கு எப்போதும் குறைவுதான்.” கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தசோகை. உங்களுக்கு 10.4. களைப்பும், படியேறினால் வரும் படபடப்பும் அதனாலேயே வரலாம். ஒரே தாளில் மூன்று குறி. அதில் இரண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள், மூன்றாவதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பயத்துக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு, தனக்குத் தெரிந்த முகத்தை மட்டும்தான் கூட்டத்தில் தேடும். உங்களுக்குத் தெரிந்த முகம் அப்பாவுடையது.

இந்த இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இருக்கிறது. ஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருப்பதால் இரண்டு, மூன்று மாதச் சராசரி அதில் தெரிகிறது. இரும்புச் சத்துக் குறைந்தால் ஏ1சி கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். தலசீமியா மாதிரி வேறு இரத்தக் கோளாறு இருந்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுக்கும். ஆக உங்கள் 5.9 பொய் என்று சொல்ல வரவில்லை. கூடவே நிற்கும் 10.4ஐக் கேட்காமல் அதை நம்ப முடியாது என்கிறேன்.

வரம்பு விஷயத்தில் இணையத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 5.6ஐயே முன்னெச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறது. நம் மலேசிய நாட்டு வழிகாட்டியில் வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை இடைநிலை (இனிப்பு நீருக்கு முந்திய கட்டம்), 7ஐத் தொட்டால் இனிப்பு நீர். ஏ1சியில் 5.7 முதல் 6.2 வரை இடைநிலை, 6.3இலிருந்து இனிப்பு நீர். அமெரிக்காவில் அதே கோடு 6.5. இரண்டு நாட்டு ரூல்தடியை ஒரே சட்டைக்கு வைத்து அளந்தால் தையல்காரருக்கே தலை சுற்றும். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து இனிப்பு நீர் என்று முத்திரை குத்துவதும் இல்லை. இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும்.

அத்தையின் 113? இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல். நம் நம்பரை 18ஆல் பெருக்கினால் அவர்கள் நம்பர். 6.3 பெருக்கல் 18, 113. மலேசிய வெள்ளியை ரூபாய் ஆக்கினால் பணம் பெருகிவிடாது, அதே மாதிரிதான். அத்தைக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. அந்தத் தாளை முழுசாக எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். சோற்றை விட்டால் எடை இறங்கத்தான் செய்யும். ஆனாலும் நான்கு கிலோ இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் தண்ணீர்ச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 7.8க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 11.1இலிருந்து இனிப்பு நீர், நடுவில் வந்தால் இடைநிலை. இதற்கு ஏ1சியும் வேண்டாம், சிவப்பணுவின் வயதும் வேண்டாம். பகல் ஷிப்ட் வாரத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் போங்கள். அதற்கு முந்திய மூன்று நாள் சோற்றை வழக்கம்போலச் சாப்பிட்டிருக்க வேண்டும். சோற்றையே விட்ட உடம்பு அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் திணறி, இல்லாத நம்பரைக் காட்டிவிடும். இரும்புச் சத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், மாதவிலக்கு அதிகம் என்றால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

சரி, மெஷினுக்கு வருவோம்.

லோரி ஓட்டும் ஒரு அண்ணன் என் அறைக்கு வருவார். சதுரக் கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஒரு பக்கத்துக்குப் பதினொரு ரீடிங், 7க்கு மேல் போனதெல்லாம் சிவப்புப் பேனா. விரல் நுனியெல்லாம் எள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. ஒரு நாள் அவர் விரலில் குத்தி, அதே சொட்டில் இரண்டு ஸ்டிரிப் வைத்தேன். ஒன்றில் 6.4, இன்னொன்றில் 7.1. “எது மிஸ்ஸி சரி?” என்றார். இரண்டும் சரி என்றேன். 2013இல் வந்த அனைத்துலகத் தரப்படி, வீட்டு மெஷின் பரிசோதனைக்கூட அளவிலிருந்து 15 விழுக்காடு மேலேயோ கீழேயோ போனால் கூடத் தேறிவிடும். அதாவது உள்ளே உண்மையில் 6.7 என்றால் மெஷின் 5.7 காட்டினாலும் பாஸ், 7.7 காட்டினாலும் பாஸ். அந்த அண்ணன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பில் எழுதினதில் பாதி எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

இன்சுலின் போடுகிறவருக்கு அந்த மெஷின் உயிர்காக்கும் சாமான். எவ்வளவு போடுவது, எப்போது சாப்பிடுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். உங்களிடம் அந்த நம்பர் வந்து என்ன செய்யப் போகிறது? நல்லதாக வந்தால் பத்து நிமிடம் நிம்மதி, பிறகு “இப்போது ஏறியிருக்குமோ.” மோசமாக வந்தால் உடனே இன்னொரு விரல். எப்படி வந்தாலும் அடுத்த குத்துக்குத்தான் அது வழி காட்டுகிறது. அதோடு, பயந்தால் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசோல் எல்லாம் சுரக்கும், கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் விடும். பயந்து பார்த்த நம்பர் ஏறியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

அரை மணியில் 9.2 என்றீர்களே, அப்போது சோறு பாதி வழியில்கூட இல்லை. நோயே இல்லாதவருக்கும் அந்த நேரத்தில் ஏறி இறங்கும். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதுதான் கணக்கு. 4.6 என்பதோ எங்கள் அறையில் கைதட்டுகிற நம்பர். மாத்திரை, ஊசி எதுவும் இல்லாதவருக்குச் சுகர் தாழ்ந்து போவது அபூர்வம், 4க்குக் கீழே இறங்கினால்தான் அதைத் தாழ்வு என்போம். பிறகு ஏன் கை நடுங்கியது? சுகர் தாழ்ந்தாலும் அட்ரினலின்தான் வரும், பயந்தாலும் அட்ரினலின்தான் வரும். வியர்வையும் நடுக்கமும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கணவர் ஒளித்தது அன்பினால்தான், ஆனாலும் தப்பு. ஒளித்த சாமானை மனசு தேடிக்கொண்டே இருக்கும். நீங்களே எடுத்து அவர் கையில் கொடுங்கள். கிளினிக் நாள் வரைக்கும் வாரத்துக்கு இரண்டு குத்து: ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில், ஒரு நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில். எந்த நாள் என்று முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிட வேண்டும், பயம் வந்த நாளில் மாற்றக் கூடாது. நடுவில் “ஒரே ஒரு தடவை” என்று கை பரபரக்கும். அப்போது ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஆய உட்காருங்கள். கீரை முடிவதற்குள் அந்த வேகம் பாதி இறங்கிவிடும். என்னிடம் வந்தவர்களில் பலருக்கு முதல் வாரம்தான் நரகம். இரவு ஒன்பதுக்கு மேல் இணையத்தில் நோய் தேட வேண்டாம். அந்த நேரத்தில் தேடினால் டயாலிசிஸ் படம்தான் முதலில் வரும்.

சோற்றை விட வேண்டாம். நம் சுகாதார அமைச்சின் சுகு-சுகு-செபாரோ (கால்-கால்-பாதி) கணக்குப் போதும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறி, பழம். தே தாரிக்குக்குப் பதில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்), அதையும் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், தேயிலை இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது.

இடைநிலை என்றே உறுதியானாலும் கேளுங்கள். 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது, உங்களைப் போல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற மூவாயிரத்துச் சொச்சம் பேர். எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது என்று ஒரு கூட்டத்துக்கு இலக்கு வைத்தார்கள். அவர்களுக்கு இனிப்பு நீர் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிட்ட கூட்டத்துக்கு 31 விழுக்காடு. 150 நிமிடம் என்பது தண்ணீர்மலைப் பக்கம் பூந்தோட்டத்தில் வாரம் ஐந்து நாள் அரை மணி நடை. குரங்கு இருக்கிறது, கையில் பை கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று. டாக்டரிடம் சுகரைச் சொல்கிற அதே மூச்சில் “தூக்கமில்லை, குத்தாமல் இருக்க முடியவில்லை” என்றும் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது, அரசாங்க கிளினிக்கின் அதே ஒரு வெள்ளிச் சீட்டில்தான். மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் போங்கள். வாரம் ஒரு தடவை பேசி, பயிற்சி கொடுத்து இந்தச் சுழலை அவிழ்ப்பார்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

அப்பா விஷயம். புண் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் எத்தனை வருடம் அது அவர் உடம்பில் சத்தமில்லாமல் இருந்ததோ. நீங்கள் 43இல், கோட்டைத் தாண்டாமலேயே, தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் கதை அவர் கதை நின்ற இடத்திலிருந்து தொடங்கவில்லை. சோதனை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், ஹீமோகுளோபினையும் சேர்த்து.

கேள்வி: என் அப்பாவுக்கு 67. கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள், முடிவைக் காகிதத்தில் கொடுத்தார்கள். அதை மடித்துச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். எடுத்துப் பார்க்கவும் விடுவதில்லை. “தெரிஞ்சா மட்டும் என்ன, சாகிறவன் சாகத்தான் போறான்” என்கிறார். கத்திப் பார்த்தாச்சு, கெஞ்சிப் பார்த்தாச்சு.
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தம்பி, உங்கள் அப்பாவுக்கும் மேலே எழுதின அம்மாவுக்கும் ஒரே வியாதிதான், பயம். அவர் ஒன்பது தடவை பார்க்கிறார், இவர் ஒரு தடவையும் பார்ப்பதில்லை.

யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 54 வயதில் என் சொந்த இரத்த முடிவு வந்தபோது, கவரைப் பிரிக்காமல் மூன்று நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பட்டர்வொர்த்தில் வீடு, தீவில் வேலை. தினம் காலையில் பெர்ரி ஏறும்போது சில்லறைக்காகப் பையில் கைவிட்டால் விரலில் அந்தக் கவர்தான் தட்டும். அந்த மூன்று நாளும் என் அறையில் உட்கார்ந்து, “பயப்படாதீங்க, தெரிஞ்சிக்கிறதுதான் நல்லது” என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள், கூட வேலை பார்த்த மலாய்க்காரத் தாதி ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது தன் முடிவுத் தாளை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார். “என்னுடையது இது. இப்போ கக்காக்குடையது (அக்காவுடையது)” என்று சொல்லிவிட்டு நாசி லெமாக்கைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். பிரித்தேன். ஏ1சி 6.8. பிறகு மெட்ஃபோர்மின். சொல்லிவிடுகிறேன், அன்று இரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

அதனால் அப்பாவிடம் கத்துவதை நிறுத்துங்கள். முதலில் நீங்கள் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்புக் கூடுதல், எப்படியும் பார்க்க வேண்டியதுதான். உங்கள் தாளை அவர் பார்க்கும்படி மேசையில் விரித்து வையுங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் போகட்டும். பிறகு, “அப்பா, நீங்க பார்க்க வேணாம், நான் மட்டும் பார்க்கட்டுமா?” என்று கேளுங்கள். பலருக்கு நம்பரை விட, அதைத் தன் கண்ணால் பார்க்கிற அந்த நிமிடம்தான் பயம். அதை நீங்கள் வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுவார்கள். கிளினிக்கில் அந்த முடிவின் பதிவு இருக்கும், மோசமாக இருந்தால் அவர்களே கூப்பிடவும் கூடும். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சில விஷயங்களில் மட்டும் காத்திருக்கக் கூடாது. காலில் ஆறாத புண், இரவில் அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாமல் எடை இறங்குவது, இதில் எது இருந்தாலும் அந்த வாரமே டாக்டர். வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம் என்றால் அன்றே அவசரப் பிரிவு, முருகனிடம் அனுமதி கேட்க நேரமில்லை.

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு இனிப்பு நீர், மாத்திரையில் இருக்கிறேன். டுரியான் காலம் வந்துவிட்டது. பாலிக் பூலாவிலிருந்து தம்பி ஒரு கூடை கொண்டு வந்து வைத்திருக்கிறான். ஒரு சுளையாவது?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: சின்னச் சுளையாக இரண்டு. அது ஏறக்குறைய ஒரு பங்குப் பழத்துக்குச் சமம், அன்று வேறு பழம் வேண்டாம், சோற்றிலும் ஒரு கை குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், டுரியானில் பொட்டாசியம் அதிகம். கூடையைத் தம்பி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வைத்தால் இரண்டு என்பது எந்த இரண்டு என்று மறந்துவிடும்.

பிறகு, பழம் சாப்பிட்டுச் சுகர் பார்ப்பதாக இருந்தால் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஒரு அம்மா என் அறை வாசலில் உட்கார்ந்து ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தார். அதே கையைக் கொடுத்தார், நானும் கவனிக்காமல் குத்திவிட்டேன். 15.2. அவர் அழவே ஆரம்பித்துவிட்டார். குழாயடிக்குக் கூட்டிப் போய்க் கழுவிவிட்டு மறுபடி குத்தினேன். 6.9. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்ச ரம்புத்தானை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.